பெயர் எழுதாத பூசை இசை



மரக்கறிக் கடையில் பழைய தாளில் சுற்றித் தரும் லீக்ஸையும் கரட்டையும் வாங்கி வருகிறோம். அத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நம்மில் யார் பார்க்கிறோம்?

1870களில், ஆஸ்திரியா நாட்டின் சால்ஸ்பூர்க் நகரில், ஒரு மரக்கறி வியாபாரியின் வீட்டிலே பெரிய கையெழுத்துப் படியொன்று அகப்பட்டது. இன்னும் சில நாள் சென்றிருந்தால் மரக்கறி சுற்றவே அது போயிருக்கும் என்பார்கள். அது திருப்பலிக்கு இயற்றப்பட்ட இசை. இரண்டு பாடகர் குழுக்களுக்கு 16 குரற்பகுதிகள். வயலின், எக்காளம், முரசு யாவும் சேர 53 பகுதிகள்! ஆனால் இயற்றியவர் பெயர் மட்டும் அதில் இல்லை.

அறிஞர்கள் பெயர் தேடினார்கள். 1628இல் சால்ஸ்பூர்க் பேராலயம் அபிஷேகம் செய்யப்பட்டபோது, உரோமாபுரி இசைமேதை ஒராசியோ பெனெவோலி இயற்றியது இது என்று முடிவு கட்டினார்கள். 1903இல் அப்பெயரோடே அச்சிட்டார்கள். உலகமும் நம்பியது.

1970களில் எர்னஸ்ட் ஹின்டர்மையர் என்ற ஆய்வாளர் தாளின் நீர்க்குறியையும், படியெடுத்தவரின் கையெழுத்தையும் பொறுமையாய் ஆராய்ந்தார். அந்நகரத் திருச்சபை 1682இல் கொண்டாடிய 1100ஆம் ஆண்டு விழாவுக்குரிய இசை அது என்று தெரிய வந்தது. பெனெவோலியோ 1672இலேயே இறந்துவிட்டார்! அவ்வூர் ஆலயத்திலேயே ஊழியம் செய்த பீபர் (1644–1704) இயற்றியது என்பதே இன்று அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. அதே ஆலயத்தின் அந்திரேயாஸ் ஹோஃபரின் பெயரைச் சொல்வோரும் உண்டு.

பிரியமானவர்களே, நடந்ததைக் கவனியுங்கள். பெரிய வேலையைக் கண்டதும், தூரத்துப் பெரிய பெயரையே தேடினார்கள். வீட்டுக்குள்ளே உழைத்தவனை யாரும் நினைக்கவில்லை.

நம் மலைநாட்டிலும் இதுதானே கதை? 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். பொய்யல்ல. ஆனால் காடு வெட்டிய கைகள், கான் வெட்டிய கைகள், கொழுந்து கிள்ளிய கைகள் யாருடையவை? அவர்களின் பேரப்பிள்ளைகளின் பெயரையோ, 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரசைகள் பட்டியலுக்கு வெளியே நிறுத்திற்று. அந்தக் குறை முற்றாகத் தீர்க்கும் சட்டம் வர 2003 வரை காத்திருந்தோம்.

ஆண்டவருக்குச் செய்யும் ஊழியத்தில் பெயர் தேடாதே என்று நற்செய்தி கற்பிக்கிறது. மெய்தான். ஆனால் அந்தப் போதனை ஊழியம் செய்கிறவனுக்கு. அதன் பலனை அனுபவிக்கிறவனுக்கு அல்ல. பிறர் உழைப்பை மறந்துவிட்டு, "அவர்கள் தாழ்ச்சியுள்ளவர்கள்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. செய்தவன் பெயர் கேட்காதிருப்பது புண்ணியம்; பெற்றவன் பெயர் கொடாதிருப்பது அநீதி.

உங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தைப் பாருங்கள். கல்லிலே திறந்து வைத்தவர் பெயர் இருக்கும். கல் சுமந்தவர்கள் யார்? இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரிலுள்ள முதியவர் ஒருவரிடம் கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பிழையானால் திருத்துங்கள். கைக்கு வந்த பெயரை ஒட்டாமல், உண்மையான பெயரைத் தேடுங்கள்.

அடுத்த மரித்த விசுவாசிகளின் திருநாளில், அந்தப் பெயர்களைப் பீடத்தின் முன் சத்தமாய் வாசிப்போம். இறைவன் அவர்களை ஒருநாளும் மறந்ததில்லை, மறந்தவர்கள் நாமே.