குத்தகை நிலமும் இல்லறத்தார் கடமையும்

பிறர்க்குரிய பொருள் சில காலம் நம் கையில் இருக்குமாயின், அதன்பால் நமக்குள்ள கடமை யாது? அப்பொருள் பொன்னாகவோ பாத்திரமாகவோ இருப்பின் விடை எளிது. பெற்றவாறே திருப்பித் தந்தால் கடமை முடிந்தது. அது மண்ணாக இருப்பின் விடை அத்துணை எளிதன்று. மண்ணைப் பெற்றவாறே திருப்பித் தர எவராலும் இயலாது. ஒரு பருவம் உழுதாலும் அது மாறுகிறது. உழாமல் விட்டாலும் மாறுகிறது. வேளாண்மையை வழிவழித் தொழிலாகக் கொண்ட நம் தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு இவ்வினா புதியதன்று. ஆயினும், அணைக்கட்டை அடுத்த சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி, இதனை மீண்டும் எண்ணிப் பார்க்குமாறு நம்மைப் பணித்தது. அந்நிகழ்ச்சியில் நம் பிழையும் உண்டு என்பதால் அதனை மறையாது எழுதுகிறோம்.

அச்சிற்றூரில் அரை ஏக்கர் தரும நிலம் ஒன்று உள்ளது. அதனைப் பத்துக் கூறுகளாக்கி, கூறு ஒன்றுக்கு ஐந்து சென்ட் வீதம், நிலமற்ற குடும்பங்களுக்குக் காய்கறியும் கீரையும் பயிரிடக் குத்தகைக்கு விட்டு வருகின்றனர். பத்துக் கூறுகளுக்கும் பொதுவாகக் கிணறு ஒன்று. வாடகை பெயரளவினதே. அதனை மேற்பார்க்கும் குழுவில் நாமும் ஓர் உறுப்பினராக இருந்தோம். விதிகளை எழுதும் பொறுப்பு, ஆசிரியப் பணியில் இருந்தவர் என்பதால், நம்மிடமே வந்தது. வாடகையைத் தை மாதத்திற்குள் செலுத்துதல், தம் குடும்பத்தாரைக் கொண்டே பயிரிடுதல், பிறர்க்கு உள்குத்தகை விடாமை, தண்ணீர் முறையை மீறாமை, நச்சு மருந்து தெளியாமை, ஒரு பருவம் முழுவதும் தரிசாக விட்டால் கூற்றைத் திரும்ப ஒப்படைத்தல் என ஆறு விதிகள் எழுதினோம். எழுதி முடித்தபோது நமக்குச் சற்றுப் பெருமிதமும் இருந்தது.

ஒரு கோடையில், கிணற்றுக்கு மிகத் தொலைவில் இருந்த கடைசிக் கூறு தரிசாகக் கிடந்தது. அதனைப் பெற்றிருந்தவர் காலணித் தொழிற்சாலை ஒன்றில் பணி செய்யும் அம்மையார், கணவரை இழந்தவர். ஆறாம் விதிப்படி குழு கடிதம் அனுப்பியது. காத்திருப்போர் வரிசையில் முதலாவதாக நின்ற குடும்பத்திற்கு அக்கூற்றைக் கொடுத்தும் விட்டது. அக்கடிதத்தில் நாமும் கையொப்பமிட்டோம். மறுவாரம் அவ்வம்மையார் வேலிக்கதவின் சாவியை ஒப்படைக்க நம் இல்லத்திற்கு வந்தார்.

"ஏம்மா நிலத்தைச் சும்மா போட்டுட்டே?" என்று கேட்டோம்.

"கிணத்துத் தண்ணி உப்பாயிடுச்சு, டீச்சரம்மா. அதையே ஊத்தினா மண்ணு வீணாப் போயிடும். மழை வரட்டும்னு விட்டு வச்சேன். சொன்னா சாக்கு சொல்றேன்னு நினைப்பீங்களேன்னு பேசாம இருந்துட்டேன்."

நாம் விடையிறுக்க இயலாது நின்றோம். கிணற்று நீர்மட்டம் இறங்க இறங்க உவர்ப்பு ஏறியதை நம்முள் ஒருவரும் சென்று பார்த்ததில்லை. கூற்றைப் புதிதாகப் பெற்றவர், விதிக்கு அஞ்சி, அக்கோடை முழுவதும் அவ்வுவர்நீரையே பாய்ச்சினார். கீரை கருகிற்று, மண்ணின்மேல் வெண்மையாக உப்புப் பூத்தது. விதியை மீறியவர் மண்ணைக் காத்தார். விதியைக் காத்தவர் மண்ணைக் கெடுத்தார். இவ்விருவருள் நல்ல குத்தகைதாரர் யார்?

இவ்வினாவுக்கு முதலில் உலகியல் சட்டம் கூறும் விடையைக் காண்போம். சென்னை மாநிலத்தில் 1955-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், குத்தகைதாரரை நிலத்தினின்று வெளியேற்றத் தக்க காரணங்களை எண்ணி வரையறுத்துள்ளது. வாடகையைச் செலுத்தாமை ஒன்று. செயலாலோ கவனக் குறைவாலோ நிலத்திற்கும் பயிருக்கும் கேடு விளைத்தல், அல்லது பயிரிடுதலை முற்றிலும் கைவிடுதல் மற்றொன்று. வேளாண்மையும் தோட்டப் பயிரும் அல்லாத வேறு பயன்பாட்டுக்கு நிலத்தைத் திருப்புதல் பிறிதொன்று. நில உரிமையாளரின் உரிமையை வேண்டுமென்றே மறுத்தல் இன்னொன்று. தம் உடலுழைப்பையோ தம் குடும்பத்தாரின் உழைப்பையோ நிலத்தில் இடுபவரே சாகுபடிக் குத்தகைதாரர் என்பதும் அச்சட்டத்தின் கருத்து.

பிற நாட்டாரும் இவ்வாறே எண்ணியுள்ளனர். இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டுச் சட்டம், ஊராட்சி அமைப்புகள் மக்களுக்குத் தோட்டக் கூறுகளை வாடகைக்குத் தர வகை செய்தது. அங்கு வழக்கமான ஒரு கூறு ஏறத்தாழ 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறேகால் சென்ட். பெற்றவரே பெரும்பாலும் பயிரிட்டு, விளைந்த காய்கனிகளைத் தம் குடும்பத்தார் உண்ணுதற்குரிய நிலம் என்று 1922-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இலக்கணம் வகுத்தது. செருமனியின் 1983-ஆம் ஆண்டுச் சட்டமோ, கூறு 400 சதுர மீட்டரை மிகலாகாது, அதில் அமைக்கும் குடில் 24 சதுர மீட்டரை மிகலாகாது என்று அளவிட்டது. நாடு வேறாயினும் கருத்து ஒன்றே: உழைப்பவன் கையில் நிலம் இருக்க வேண்டும், அளவோடு இருக்க வேண்டும், கெடாமல் இருக்க வேண்டும்.

இங்கு ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். 1955-ஆம் ஆண்டுச் சட்டம் "முற்றிலும் கைவிடுதல்" என்றே கூறுகிறது. ஒரு பருவம் ஓய்வு தருதல் முற்றிலும் கைவிடுதல் ஆகாது. நம் விதியோ சட்டத்தினும் கடுமையாக இருந்தது. அறத்தின் பெயரால் விதி எழுதிய நாம், சட்டம் காட்டிய பொறுமையைக்கூடக் காட்டவில்லை.

இனி, ஜினதர்மம் கூறும் விடையைக் காண்போம். மண்ணை உடலாகக் கொண்ட உயிர்களும், நீரை உடலாகக் கொண்ட உயிர்களும் உண்டு என்பது நம் ஆகமக் கொள்கை. உழவின்றி இல்லறம் நடவாது. பகவான் விருஷபதேவர் மக்களுக்குக் கற்பித்த ஆறு தொழில்களுள் உழவும் ஒன்று. ஆதலின், உழவில் நேரும் ஓரறிவுயிர்களின் துன்பம், இல்லறத்தார்க்கு முற்றும் விலக்க இயலாத தொழில்வழி இம்சையாகவே கருதப்படுகிறது. ஆனால் பயனின்றி மண்ணைத் தோண்டுதல், பயனின்றி நீரை இறைத்தல், பயனின்றிச் செடிகொடிகளை அறுத்தல் ஆகியவற்றை அனர்த்த தண்டம் என்று ஆசாரிய சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் விலக்கியுள்ளார். அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பை நம் இல்லங்களில் பலரும் அறிவர். பயிர் முளையாது என்று தெரிந்தும் உவர்நீரை இறைத்து ஊற்றுதல் பயனற்ற இம்சையே அன்றோ? அதனைச் செய்யாது நின்ற அம்மையார் விதியை மீறினார், விரதத்தை மீறவில்லை. நாம் எழுதிய விதியோ விரதத்திற்கு மாறான செயலை ஒருவர்மேல் சுமத்திற்று.

களவாமையாகிய அணுவிரதமும் இங்குப் பொருந்தும். பிறர் பொருளைத் தான் எடுத்துக் கொள்ளாமை மட்டுமன்று, அதனைப் பிறிதொருவர்க்கு எடுத்துக் கொடாமையும் அவ்விரதத்தின் கூறு என்பது சமந்தபத்திரர் காட்டும் நுட்பம். உள்குத்தகை விடுதல் ஏன் தவறு என்பதற்கு இதனினும் தெளிவான காரணம் வேண்டியதில்லை. மண்ணின் வளத்தை உறிஞ்சிவிட்டு வெற்று மண்ணைத் திருப்பித் தருதலும் நாம் எண்ணும் அளவில் களவே. அடுத்து வரும் குடும்பத்தின் விளைச்சலை அது முன்னதாகவே எடுத்துக் கொள்கிறது. மிகுபொருள் விரும்பாமையாகிய விரதமோ, ஐந்து சென்ட் போதுமானவர் பத்து சென்ட்டைப் பிடித்து வைத்திருத்தல் ஆகாது என்று கற்பிக்கிறது.

இவையெல்லாம் குத்தகைதாரரின் கடமைகள். நிலம் தருவோர்க்குக் கடமை இல்லையா? இதற்கு நம் முன்னோர் வரலாற்றிலேயே விடை உண்டு. சமணப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலத்தைப் பள்ளிச்சந்தம் என்றனர். ஆர்க்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தின் அருகிலுள்ள பஞ்சபாண்டவ மலையில், முதலாம் இராசராசனின் 8-ஆம் ஆட்சியாண்டுக்குரிய, அதாவது கி.பி. 993-ஐ ஒட்டிய கல்வெட்டு ஒன்று உள்ளது. கூரகன்பாடி என்னும் ஊர் அங்குள்ள திருப்பான்மலைக் கோயிலின் பள்ளிச்சந்தம். ஆள்வோர் அவ்வூரினின்று கற்பூரவிலை முதலிய வரவுகளைப் பெற்று வந்தமையால் அத்தருமம் குன்றிற்று. இதனைக் கண்ட இலாடமாதேவியார் தம் கணவனாகிய இலாடராசன் வீரசோழனிடம் விண்ணப்பித்தார்; அவனும் அவ்வரவுகளைத் தவிர்த்து ஆணையிட்டான். தருமம் குன்றியபோது பயிரிட்டவன்மேல் அவன் குற்றம் தேடவில்லை. தான் பெற்று வந்ததையே முதலில் நிறுத்தினான்.

ஒரு சிறு தோட்டத்தின் நீர் கெட்டதற்கே இத்துணை எண்ண வேண்டியிருப்பின், பாலாற்றுப் படுகையின் நிலை யாது? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. நம் கதையின் அம்மையாரும் அவ்வுழைப்பாளருள் ஒருவரே. ஆயினும், சுத்திகரிக்கப்படாத கழிவுநீரால் ஆறும் கிணறுகளும் கெட்டன. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப்படி அப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகாததாயிற்று என்றும், 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் குறிக்கப்பட்டுள்ளது. மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும், கேடு விளையுமுன்னரே காத்தல் வேண்டும் என்னும் இரு நெறிகளை அத்தீர்ப்பு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அறிவித்தது. 2025 சனவரி 30-இலும் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோர்க்கு ஈடு வழங்கவும் ஆற்றை மீட்கவும் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடையே இருபத்தெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆற்றைத் தம் தலைமுறைக்குக் கிடைத்த குத்தகையாக எண்ணியிருப்பின், அதனை இந்நிலையில் ஒப்படைக்க எவர்க்கும் மனம் வந்திராது.

"காரணம் கூறுவோர்க்கெல்லாம் இடம் கொடுத்தால் விதி எதற்கு? காத்திருப்போர்க்கு நீதி எங்கே?" என்று வாசகர் வினவலாம். நம் குழுவிலும் இவ்வாறே வினவினர், அவ்வினா நியாயமானது. ஒருவர்பால் காட்டும் இரக்கம், வரிசையில் நிற்கும் மற்றொருவர்க்கு இழைக்கும் அநீதியாக மாறலாகாது. ஆதலினாலேயே, உண்மை தெரிந்த பின்னரும், புதியவரிடமிருந்து கூற்றைப் பறித்து அவ்வம்மையாருக்குத் தர நம்மால் இயலவில்லை. நம் பிழையின் விலையை அவரே செலுத்தினார். ஓராண்டுக்கு மேல் வரிசையில் காத்திருந்தார். அது இன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது. விதியைத் தளர்த்துதல் இதற்குத் தீர்வன்று. தீர்ப்பிடுமுன் கேட்டலே தீர்வு. தம் இடர்ப்பாட்டைக் காலத்தில் கூறுதல் குத்தகைதாரரின் கடமை. அவர் அஞ்சாமல் கூறுமாறு நடந்து கொள்ளுதல் நிலம் தருவோரின் கடமை. அம்மையார் கூறாதது குறையே. கூற அஞ்சும்படி நாம் இருந்தது அதனினும் பெரிய குறை.

பின்னர் ஆறாம் விதியைத் திருத்தினோம். கூறு தரிசாகக் கிடந்தால், குழுவினர் இருவர் நேரில் சென்று மண்ணையும் நீரையும் பார்த்து, பயிரிடுவோரைக் கேட்ட பின்னரே கடிதம் எழுத வேண்டும். ஓய்வு தேவைப்படும் மண்ணுக்கு முன்னறிவிப்பின்பேரில் ஒரு பருவம் ஓய்வு தரலாம். ஏழாவதாக, கிணற்று நீரை ஆண்டுதோறும் சோதித்து, பயிருக்குத் தகுதியற்ற காலத்து வாடகையைத் தள்ளுபடி செய்தல் குழுவின் கடமை என்றும் எழுதினோம். முதல் ஆறு விதிகள் குத்தகைதாரர்க்கு, ஏழாவது நமக்கு.

அவ்வம்மையாருக்கு முறை வந்தபோது, அதே கடைசிக் கூறே காலியாயிற்று. பருவமழை உவரைச் சற்றுக் கரைத்திருந்தது. அவர் முதலில் காய்கறி விதைக்கவில்லை. தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழச் செய்து, மண் தேறிய பின்னரே கீரை தெளித்தார். அப்பருவமும் வெளிப்பார்வைக்குத் தரிசு போன்றே தோன்றியது. இம்முறை குழுவினர் கடிதம் அனுப்பவில்லை. நேரில் சென்று பார்த்தனர்.

நம் ஆலயங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் உரிய நிலங்கள் இன்றும் பல ஊர்களில் குத்தகையில் உள்ளன. அவற்றின் கணக்கைப் பார்க்கும் பெருமக்கள், வாடகை வந்ததா என்று வினவுவதோடு நில்லாது, ஆண்டுக்கு ஒருமுறை வரப்பில் இறங்கி மண்ணையும் நீரையும் பார்த்து வருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். பயிரிடும் சிராவக, சிராவகியரும் அந்நிலத்தைப் பெற்றதினும் நன்னிலையில் ஒப்படைப்பதை விரதமாகக் கொள்வாராக.

ஜினதர்மம் தழைக்க!