வேலை செய்யாத உயிர்கள்

எங்கள் அடுக்ககத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கார் நிறுத்துமிடத்துக்கும் கீழே இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருநாள், சோதனைக்கு வந்தவரின் நுண்ணோக்கியில் பழுப்புத் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்துக் காட்டினார். காம்பில் நிற்கும் குட்டி மணி. கண்ணாடியைத் தட்டினால் காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, பிறகு மெல்ல நிமிர்கிறது. வோர்டிசெல்லா. “இது இருந்தா தண்ணி தெளிவா வரும் சார். இதுங்கதான் நமக்கு வேலை செய்யுது.”

‘வேலை’ என்ற அந்தச் சொல் என்னை விடவில்லை.

வோர்டிசெல்லா தன் வாயைச் சுற்றியுள்ள இழைகளை அசைத்து, தனித்து மிதக்கும் பாக்டீரியாக்களை இழுத்துத் தின்கிறது. கலங்கல் தெளிவது அதன் பசியின் பக்கவிளைவு, அவ்வளவுதான். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் இந்தப் பசியைத்தான் சேமித்தார்கள். கழிவுநீரில் காற்றை ஊதினார்கள். அடியில் தங்கிய சேற்றைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன்மேல் புதுக் கழிவுநீரை விட்டார்கள். திரும்பத் திரும்பச் செய்ய, வாரக்கணக்கில் இழுத்த சுத்திகரிப்பு சில மணி நேரத்தில் முடிந்தது. அந்தச் சேறு முழுக்க உயிர். ஆனால் அது பெருகிக்கொண்டே போனால் நிலையம் தாங்காது. உபரியை எடுத்து அகற்றியாக வேண்டும். சேறு எத்தனை நாள் தொட்டியில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள்.

அப்படியென்றால் இவற்றுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடியாது என்று சொல்லக்கூடிய ஒருவர் சரியென்று செய்வதற்குத்தான் நன்றி. வோர்டிசெல்லாவுக்கு மறுக்கத் தெரியாது. அது அதன் இயல்பு.

எழுதிவிட்டுப் பார்த்தால் அந்தக் கடைசி வாக்கியம் உறுத்துகிறது. “அவங்களுக்கு அது பழகிடுச்சு” என்று, கழிவுத்தொட்டியில் இறங்குபவர்களைப் பற்றி இதே தொனியில் பேசக் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சும்மாவும் இருந்திருக்கிறேன். சாதிக்கு இயல்பு என்று பெயர் மாற்றிவிட்டால் நன்றியும் வேண்டாம், கூலிப் பேச்சும் வேண்டாம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013இல் சட்டம் தடைசெய்தது. அதற்குப் பிறகும் விஷவாயுவில் இறக்கிறார்கள். வோர்டிசெல்லாவால் மறுக்க முடியாது, சரி. இவர்களால் முடியும். மறுத்தால் அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை.

அண்ணனிடம் கேட்டேன்: “அடியில காத்துக்குழாய் அடைச்சுக்கிட்டா யாருண்ணே இறங்குவாங்க?”

“அதுக்கு வேற ஆளுங்க வருவாங்க சார்.”

யார் அனுப்புகிறார்கள், என்ன கூலி, முகமூடி உண்டா? அடுத்த சங்கக் கூட்டத்தில் கேட்க வேண்டும். இரண்டு வருடமாகப் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறேன். அந்த ரசீதில் அவர்கள் எந்த வரியில் வருகிறார்கள் என்று நேற்றுத்தான் தேடிப் பார்த்தேன்.