முனை மழுங்கின கல்



கோலியாத்தை எதிர்க்கப் போன தாவீது, வழியில் கிடந்த ஏதோ ஒரு கல்லை எடுக்கவில்லை. ஆற்றில் இறங்கி ஐந்து கூழாங்கல்லைப் பார்த்துப் பொறுக்கினான் (1 சாமு. 17:40). ஏன்? முனை முனையாய் இருக்கிற கல் கவணிலிருந்து நேராய்ப் பறக்காது.

நம்ம ஓரிக்கை பாலாற்றில் தேடிப் பாருங்கள். மணலுக்குள்ளே வெள்ளை வெங்கச்சங்கல் அகப்படும். கண்ணாடி பாட்டிலையே கீறுகிற கல் அது! ஆனாலும் கைக்கு வழவழவென்று இருக்கும். கிரஷரில் உடைத்த ஜல்லியைத் தொட்டால் குத்தும். இரண்டும் பாறையிலிருந்து உடைந்து வந்ததுதான். வித்தியாசம் என்ன? ஒன்று ஆற்றோடு வந்தது. 2021 நவம்பரில் வந்ததுபோல வெள்ளம் வரும்போதெல்லாம் கல் உருளும், கல்லோடு கல் மோதும், மணல் தேய்க்கும். முதலில் போவது கூர்முனை. கல் சிறுத்துப் போவது அப்புறம்தான்.

உருண்டையெல்லாம் ஆற்றுக்கல் அல்ல. மகாபலிபுரத்தில் சரிவுப் பாறைமேல் நிற்கும் பெரிய உருண்டைக்கல்லை வெயிலும் மழையும் நின்ற இடத்திலேயே தேய்த்தன. ஆற்றுக்கல் தனியாய் இராது. நந்தி மலையில் பிறந்து 348 கி.மீ. ஓடுகிற பாலாற்றில் எத்தனையோ ஊர்க் கல் சேருகிறது. பல நிறம், பல ஜாதி, ஒரே படுகை! சபையும் அப்படித்தானே தேவ ஜனமே?

2012-ல் நாசாவின் கியூரியாசிட்டி வண்டி செவ்வாய் கிரகத்தில் உருண்டைக் கற்களைக் கண்டது. காற்று உருட்ட முடியாத பருமன். இன்று அங்கே ஆறு கிடையாது. ஆனாலும், "இங்கே ஒருகாலத்தில் ஆறு ஓடியது" என்று விஞ்ஞானிகள் கல்லை வைத்தே சொன்னார்கள். உங்கள் பேச்சையும் நடக்கையையும் பார்த்து, "இவருக்குள் ஜீவநதி ஓடியிருக்கிறது" என்று அயலகத்தார் சொல்வார்களா?

"அந்த அக்கா ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க, இனி வீட்டிலேயே ஜெபிச்சுக்கிறேன்" என்று சிலர் சபையை விட்டு ஒதுங்குகிறார்கள். கரையில் ஒதுங்கின கல்லுக்கு அடி இல்லை, உண்மைதான். முனையும் போகாதே! அதேசமயம், கண்டிக்கிறவர்களே, கவனியுங்கள்: ஆறு கல்லைத் தேய்க்கிறது, சம்மட்டியோ உடைக்கிறது. ஆவியானவரும் அன்பும் இல்லாத கண்டிப்பு சம்மட்டி அடிதான்.

ஆகவே, வருகிற திருவிருந்துக்கு முன்னே, யாரோடு பேச்சை நிறுத்தினீர்களோ அவர் வீட்டுக் கதவை நீங்களே போய்த் தட்டுங்கள் (மத். 5:23, 24). கர்த்தர் உங்களோடு வருவார். ஆமென், அல்லேலூயா!