சிலையைத் தேடி வந்தவர்கள்

அமெரிக்காவில் ரிச்சர்ட் பால் எவன்ஸ் தன் மகள்களுக்காக எழுதிய சின்ன கிறிஸ்துமஸ் கதை ‘தி கிறிஸ்துமஸ் பாக்ஸ்’. முதலில் போட்டது 20 பிரதிகள்தான். கதையில், குழந்தையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி கல்லறையிலுள்ள தேவதைச் சிலையின் காலடியில் அழுவாள். கதையைப் படித்த பெற்றோர், இறந்துபோன தங்கள் பிள்ளைக்காக அழ அந்தச் சிலையைத் தேடிவந்தார்கள். காட்டுவதற்குச் சிலை இல்லை! எவன்ஸின் முயற்சியில் 1994 டிசம்பர் 6 அன்று சால்ட் லேக் நகரக் கல்லறைத் தோட்டத்தில் வெண்கலத் தேவதை நின்றது. வலச் சிறகை உற்றுப் பார்த்தால் இறகுகளுக்கிடையே ‘நம்பிக்கை’ என்ற சொல் தெரியும்.

நாமோ, பிள்ளையை இழந்தவர்களிடம் ‘மனசைத் தேத்திக்கோங்க’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அந்தத் துக்கத்தால் பண்டிகைக்குப் பலகாரம் சுடாத வீடு உங்கள் தெருவில் இருந்தால், போய் உட்காருங்கள். போன பிள்ளையின் பெயரைச் சொல்லியே பேசுங்கள்.