உடைமையைப் பகிர்தலும் ஓர் அறமே

மிகுபொருள் விரும்பாமையை அணுவிரதமாகக் கொண்ட இல்லறத்தார் தம் சொத்துக்கு உயில் எழுதுவது பற்றின் அடையாளமா, அல்லது பற்று நீங்கும் வழியா? நம்மவர் இல்லங்களில் அவ்வப்போது எழும் வினா இது. 'போகும்போது எதைக் கொண்டுபோகப் போகிறோம்? அதை ஏன் இப்போது எண்ண வேண்டும்?' என்று கூறி வாளாவிருப்போர் பலர். அக்கூற்றில் துறவின் சாயல் உண்டு, துறவு இல்லை. துறந்தவர் பொருளை விட்டு விலகுகிறார். எழுதாமல் மறைபவரோ இறுதி மூச்சு வரை அதனைத் தமதாகவே வைத்திருந்து, பிரிக்கும் தொல்லையை மட்டும் பிறர்க்கு விட்டுச் செல்கிறார்.

உயில் இன்றி ஒருவர் மறைந்தால், ஜைனர்க்கும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். சோழவந்தானில் வைகைப் பாசனத்தில், தாமே ஈட்டிய ஓர் ஏக்கர் வெற்றிலைக் கொடிக்காலை விட்டு ஒருவர் மறைந்தார் எனக் கொள்வோம். தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருப்பின் நால்வர்க்கும் காற்பங்கு. முதல் வரிசை வாரிசுகளில் தாய்க்கு இடம் உண்டு, தந்தைக்கு இல்லை என்பதைப் பலர் அறியார். நால்வரும் ஒத்த மனத்தினராயின் கொடிக்கால் தழைக்கும். வழக்குமன்றம் ஏறினாலோ, தீர்ப்பு வரும்வரை கொடி காத்திராது.

பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்குண்டு. தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் செய்தது. எனினும் அதற்கு முன் மணமானவர்க்கு அது பயன்படவில்லை. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அவ்வேறுபாட்டை அகற்றியது. அத்திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது.

ஆயினும் நடப்பது என்ன? 'உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே' என்று சொல்லி, மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறுகின்றனர். மறுத்தால் பிறந்தகத்து வாசல் அடைபடுமோ என்னும் அச்சத்தால் அவள் ஒப்பமிடுகிறாள். பத்திரம் சட்டப்படி செல்லக்கூடும். ஆனால் கள்ளாமை என்னும் விரதத்திற்கு நம் ஆசாரியர்கள் தரும் பொருள், கொடாததைக் கொள்ளாமை என்பதே. அச்சத்தாலும் நாணத்தாலும் நெகிழ்ந்த கை கொடுத்ததைக் கொடை எனலாமா? மனமுவந்து விட்டுக்கொடுப்பவள் இருக்கலாம். அவள் மறுக்கவும் இயன்றிருந்தால்தான் அது உவந்து கொடுத்ததாகும்.

மணமுறிவைப் பற்றியும் பேசாதிருத்தல் தகாது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் ஜைனரையும் தழுவியதே. 2014இல் நம் சமயத்தார் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டதைக் காரணங்காட்டி, அச்சட்டத்தின்கீழ் நாம் விவாகரத்துக் கோர இயலாது என்று 2025இன் தொடக்கத்தில் இந்தூர் குடும்ப நீதிமன்றம் ஒரு மனுவைத் தள்ளியது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. ஆகவே இதில் ஐயம் வேண்டா. சேர்ந்து வாழ இயலாதெனத் தெளிந்தபின், ஓராண்டு பிரிந்து வாழ்ந்தோர் இருவர் சம்மதத்துடன் விலகுவதற்கும் அச்சட்டம் வழி வைத்துள்ளது. வழக்கை வெல்வதற்காக ஒருவர் மீதொருவர் பொய்க் குற்றம் சுமத்துவதைக் காட்டிலும், கொல்லாமையும் பொய்யாமையும் பூண்டோர்க்கு இதுவே தக்க வழி. பெற்றோர் பிரிந்தாலும் மக்களின் வாரிசுரிமை பிரியாது. ஆனால் முன்னாள் துணைவர்க்கு எழுதிய உயில், மணமுறிவால் மட்டும் தானாக நீங்கிவிடாது. உயிலையும் வங்கி நியமனங்களையும் அப்போதே திருத்துதல் நலம்.

உயில் எழுதுவது அரிய செயலன்று. முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமன்று, எனினும் பதிவு செய்வது நல்லது. எழுதுபவர் கையொப்பமும், அதனைக் கண்ட இருவரின் சாட்சிக் கையொப்பமும் இன்றியமையாதவை. பயன் பெறுவோரைச் சாட்சியாக்காதிருப்பது பாதுகாப்பு. பங்குப் பத்திரங்களில் நியமனதாரராகக் குறிக்கப்பட்டவர் அதனால் மட்டும் உரிமையாளர் ஆகிவிடார் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ஆதலின் நியமனத்தை உயிலுக்கு ஈடாகக் கருதலாகாது.

மதுரைக்கருகே சமணர்மலையில், அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி ஒன்று கல்வெட்டோடு இன்றும் உள்ளது. ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே நம் மகளிர் அறம் செய்யும் நிலையில் இருந்தனர் என்பதற்கு அது சான்று. அவர் வழிவந்த மகளிர் கையேந்தி நிற்கும் நிலையை நாம் உண்டாக்கலாமா?

சல்லேகனையை மேற்கொள்வோர் அன்பும் பகையும் பற்றும் உடைமையும் நீக்கி, சுற்றத்தாரைப் பொறுத்து, அவரிடம் தாமும் பொறுத்தருள வேண்டுதல் வேண்டும் என்று சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்டகத்தில் வகுத்துள்ளார். தம் மக்களிடையே பகைக்கு வித்திட்டுவிட்டு எவ்வாறு பொறுத்தருள வேண்டுவது? நல்லறிவும் உடல்நலமும் உள்ளபோதே, மனைவி மக்களை அருகில் அமர்த்தி, எவர்க்கு எது, ஏன் என்பதைச் சொல்லி, நடுநிலை பிறழாமல் எழுதி வைப்போமாக.