கரி நெருப்பும் பந்தியும்



தளவானூரிலும் செஞ்சிச் சுற்றுவட்டாரத்திலும் கலியாணப் பந்திகளுக்குச் சமைக்கிற ஒருவர், சென்னையிலுள்ள மகன் அழைத்ததன்பேரில், மேசை நடுவே கரிக்கனல் வைத்து இறைச்சியையும் மீனையும் சுட்டுத் தருகிற கடையொன்றில் சாப்பிட்டு வந்தார். ஊருக்கெல்லாம் இலை போட்டவருக்குப் பிறர் கையால் உண்பது பெருஞ் சங்கடம். "உட்கார்ந்திருக்க முடியவில்லை சாமி, கை பரபரத்தது" என்றார்.

கண்ணும் சும்மா இருக்கவில்லை. கரி சாம்பல் பூத்து வெளுத்த பிறகே மீனை வைக்க வேண்டும்; சுவாலை எழும்போது வைத்தால் மேலே கருகும், உள்ளே பச்சையாயிருக்கும். கொழுப்பு கனலிற் சொட்டி எழும் புகைதான் பாதி ருசி. மீன் தானாகக் கம்பியை விடுமுன் புரட்டினால் தோல் கிழியும். அங்கே தோல் கிழிந்துதான் வந்ததாம். குறை சொல்ல வாயெடுத்தவர், சுடுகிற பையனின் மணிக்கட்டு முதல் முழங்கை வரை நெருப்புத் தழும்புகளைக் கண்டார். "தம்பி, நீ சாப்பிட்டாயா?" என்று கேட்டார். "கடை மூடின பிறகுதான், ஐயா." அப்புறம் அவர் வாய் திறக்கவில்லை, கிழிந்த மீனை முள் மட்டும் மிஞ்சத் தின்றார்.

கம்பியிற் கோத்துச் சுட்ட இறைச்சி நமக்குப் புதிதல்ல. கரிகாலன் பொருநனுக்கு இட்ட விருந்தில் அது உண்டென்று பொருநராற்றுப்படை சொல்லுகிறது. அரசன் கூட இருந்து வற்புறுத்தி உண்பித்தான். ஆனால் அடுப்பு மூட்டினது அவனல்ல.

நம் ஆண்டவரோ தாமே மூட்டினார். அருளப்பர் சுவிசேஷம் 21-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சீஷர்கள் 153 பெரிய மீன்களோடு கரையேறும்போது கரி நெருப்பும், அதன்மேல் மீனும், அப்பமும் தயாராயிருந்தன. அவர்கள் பிடித்ததிலும் சில கொண்டுவரச் சொன்னார். அவருக்கு அது தேவையா? ஆனாலும் கேட்டார்.

அங்கே 'கரி நெருப்பு' என்பதற்குள்ள கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. மற்றோரிடம் அதே சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரம்: பிரதான குருவின் முற்றத்தில் இராயப்பர் குளிர் காய்ந்துகொண்டே ஆண்டவரை மறுதலித்த நெருப்பு. கரையில் அந்த வாசனை இராயப்பருடைய நெஞ்சை என்ன செய்திருக்கும்? சுவிசேஷம் சொல்லவில்லை, அடுப்படியில் நிற்பவர்களுக்குச் சொல்லவும் வேண்டாம். சேசுநாதர் முதலில் அவரைச் சாப்பிட வைத்தார். நேசிக்கிறாயா என்ற மூன்று கேள்வியும் சாப்பாட்டுக்குப் பிறகே.

நம் சமையற்காரர் திருவிழா நாட்களில் நன்மை வாங்குவதில்லை. கேட்டால், "உப்புப் பார்த்துவிட்டேன் சாமி" என்பார். நள்ளிரவு முதல் உபவாசம் என்ற பழைய ஒழுங்கு 1957-இல் மூன்று மணி நேரமாயிற்று. 1964 முதல் ஒரு மணி நேரமே. பூசைக்குப் புறப்படுமுன் கரண்டியை உதவியாளிடம் கொடுத்தாற் போதும். சாம்பாரை அரைமணி நேரம் வேறொருவர் கிண்டினால் ஊர் கெட்டுப்போகாது.

ஆகஸ்டு 10-ந் தேதி அர்ச். லவுரேஞ்சியார் திருநாள். 258-இல் உரோமையில் வேதசாட்சியாய் மரித்த தியாக்கோன், இரும்புக் கிராதியின்மேல் சுடப்பட்டாரென்பது பாரம்பரியம், சமையற்காரர்களுக்குப் பாதுகாவலர். அன்று பூசைக்குப்பின் நடக்கும் பந்தியில் நம் சமையற்காரர்களும், பாத்திரம் கழுவுகிற பெண்களும் முதல் வரிசையில் உட்காருவார்கள். வாலிபர் சங்கத்தார் பரிமாற வேண்டும். ருசியைப்பற்றி அவர்கள் ஏதேனும் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.