கேட்க விரும்பாத ஓசை

நமது பங்கின் கிளைக் கிராமங்களுள் ஒன்று மலையடிவாரத்தில் இருக்கிறது. மாலை வேளையில் அங்குச் செல்லப் பேருந்து கிடையாது. ஆகவே, திருப்பலிக்கு நாம் அவ்வூர் செல்லும் நாள்களில் பங்கு மக்களுள் ஒருவர் தம் வேனில் நம்மை அழைத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். 2009ஆம் ஆண்டு வாங்கிய வண்டி அது. எட்டுப் பேர் தாராளமாக அமரலாம். அவ்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றதும், மகப்பேற்றுக்கு மருத்துவமனைக்கு ஓடியதும், துக்க வீடுகளுக்கு விரைந்ததும் அதில்தான். நாம் ஏறும் நாள்களில் ஓட்டுநருக்கு இடப்பக்கத்து முன் இருக்கை நமக்கு. மற்ற நாள்களில் அது அவருடைய தாயாரின் இருக்கை. நாம் வந்தால் அம்மூதாட்டி மறுபேச்சின்றிப் பின்னால் போய் அமர்ந்துகொள்வார். இதனை இங்குக் குறிப்பதற்குக் காரணம் உண்டு.

2023ஆம் ஆண்டின் கோடையில் அவ்வண்டியின் ஸ்டீரிங் ஓசையிடத் தொடங்கியது. வளைவுகளில் திருப்பும்போது ஒரு முனகல். ஈனப்போகும் பசுவின் குரல்போல அடித்தொண்டையிலிருந்து எழும். காலையில் வண்டியை எடுத்தவுடன் அது மிகுதி. போகப் போகச் சற்றே தணியும். ஓசைக்கு விளக்கம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கோயில் பிள்ளை 'ஷாக் அப்சார்பர்' என்றார். பாடகர் குழுவில் ஒருவர் 'பெல்ட்' என்றார். பங்குப் பேரவைக் கூட்டம் முடிந்து கலைந்தவர்களுள் ஒருவர், வண்டியைப் பார்க்காமலேயே, 'வீல் பேரிங்' என்று தீர்ப்பளித்தார். நம்மவர்களுக்குத் தெரியாது என்று சொல்வதைவிடத் தவறாகச் சொல்வது எளிதாக இருக்கிறது.

உரிமையாளரோ எவருக்கும் மறுமொழி சொல்லவில்லை. "பழைய வண்டி சாமி, அப்படித்தான் இருக்கும்" என்பார். வளைவு நெருங்கும்போது அவருடைய இடக்கை தானாகவே வானொலிப் பெட்டிக்குச் சென்று ஒலியைச் சற்றுக் கூட்டும். முதலில் இதை நாம் கவனிக்கவில்லை. கவனித்த பின்னர்ப் புன்னகை செய்துகொண்டோம். பின்னர் ஒருநாள், அவர் ஒலியைக் கூட்டும்போது நமக்கும் ஓர் ஆறுதல் உண்டாவதை உணர்ந்தோம். அந்த உணர்வே இக்கட்டுரைக்கு வித்து.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற காலத்தில் அறியாமையின் வகைகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். எவ்வளவு முயன்றாலும் நீக்க இயலாத அறியாமை ஒன்று. அதற்கு மனிதன் பொறுப்பாளி அல்லன். முயன்றால் நீக்கக்கூடிய அறியாமை இன்னொன்று. அதில் குற்றம் உண்டு. மூன்றாவது, மனிதன் தானே விரும்பிக் காத்துக்கொள்ளும் அறியாமை. உண்மை தெரிந்துவிட்டால் செய்கையை மாற்ற வேண்டிவருமே என்று அஞ்சி, தெரியாமலிருக்கவே ஏற்பாடு செய்துகொள்வது அது. இவ்வறியாமை பொறுப்பைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது என்று புனித தோமா அக்குவினார் 13ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியுள்ளார். தேர்வில் இதனைப் பிழையற எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் அது வானொலிப் பெட்டியின் குமிழ் வடிவில் வரும் என்று எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

ஆகஸ்டு மாத இறுதியில், வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு புறப்பட அவ்வீட்டார் ஆயத்தமாயினர். நலம் விசாரிக்க நாம் சென்றிருந்தபோது, காது மந்தமான அம்மூதாட்டி திடீரென நம்மைப் பார்த்து, "முன்னால உக்காந்தா காலுக்கடியில என்னமோ தட்டுது. சாமிக்குத் தட்டலையா?" என்று கேட்டார்.

தட்டியது. பல மாதங்களாகவே தட்டியது. முனகலைப் பற்றி ஊரே பேசிற்று. அத்தட்டலோ முனகலுக்கு அடியில், மேடுபள்ளங்களில் மட்டும், பாதத்தின் வழியே தெரிந்தது. செவி மங்கியவரானதால் அவருக்கு முனகல் கேட்கவில்லை, தட்டல் மட்டும் எட்டியிருக்கிறது. நாமோ இரண்டையும் அறிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. இலவசமாக ஏற்றிச் செல்பவரின் வண்டியைக் குறை சொல்லலாமா என்பது நாம் நமக்குக் கூறிக்கொண்ட காரணம். சொல்லிவிட்டால் வண்டி பட்டறைக்குப் போகும், பிறகு நாம் எதில் போவது என்பதும் உள்ளே இருந்தது. அதனை நாம் நமக்கே கூறிக்கொள்ளவில்லை.

மறுநாள் அவரோடு நாமும் பட்டறைக்குச் சென்றோம். அங்கிருந்த முதிய மெக்கானிக் எந்தப் பாகம் கெட்டது என்ற பேச்சையே எடுக்கவில்லை. "சத்தம் எங்கேன்னு சொல்லாதீங்க, எப்போன்னு சொல்லுங்க" என்றார். வண்டி நிற்கும்போதா, ஓடும்போதா? குளிர்ந்த எஞ்சினிலா, சூடான பின்பா? இடப்பக்கம் திருப்பினாலா, வலப்பக்கமா? பிரேக் மிதித்தால் மாறுகிறதா? ஒப்புரவு அருட்சாதனத்தில் அமரும் குருக்கள் பலருக்கு இத்துணைப் பொறுமை வாய்ப்பதில்லை, நமக்கு வாய்த்ததில்லை.

பிறகு தாமே ஓட்டிப் பார்த்தார். வானொலியையும் குளிர்விப்பானையும் நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஒரு நீண்ட மதிற்சுவரை ஒட்டி மெதுவாகச் செலுத்தினார். சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை தெளிவாகக் கேட்குமாம். ஓசைகளுக்கு அவர் தந்த விளக்கம் ஒரு பாடம்போல் இருந்தது. ஸ்டீரிங்கைக் கடைசிவரை திருப்பிப் பிடித்தால் மட்டும் எழும் சீறல், மிகுந்த அழுத்தத்தை வெளியேற்றும் வால்வின் ஓசை. அது நோயன்று, ஆனால் அந்நிலையில் நெடுநேரம் பிடித்திருத்தல் ஆகாது. நேர்ச்சாலையில் ஒரே சீராக உறுமி, இலேசாக இடமும் வலமும் வளைக்கும்போது கூடிக் குறைந்தால் சக்கரத்தின் பேரிங்கை ஐயுற வேண்டும். முன்சக்கர இயக்கமுள்ள வண்டியில், முழுக்கத் திருப்பி நகரும்போது 'டக்டக்' என்று அடுக்கடுக்காக வந்தால் அச்சின் மூட்டு தேய்ந்திருக்கிறது. வண்டி நின்ற நிலையில் திருப்பும்போது ஸ்பிரிங் முறுகித் தெறிப்பதுபோல் ஒலித்தால் மேலேயுள்ள தாங்கியைப் பார்க்க வேண்டும்.

நமது வண்டியின் முனகலுக்குக் காரணம் எளிதாகவே கிட்டியது. பவர் ஸ்டீரிங் எண்ணெய்க் கலத்தில் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது, இருந்ததும் நுரைத்திருந்தது. குழாயின் பிடிப்பு தளர்ந்து எண்ணெய் கசிய, பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது. பிடிப்பை மாற்றி, புதிய எண்ணெய் வார்த்து, முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, எஞ்சினை இயக்காமலேயே ஸ்டீரிங்கை இம்முனையிலிருந்து அம்முனைவரை பலமுறை திருப்பச் செய்தார். குமிழிகள் வந்து வந்து ஓய்ந்தன. எஞ்சினை முடுக்கியபோது முனகல் அறவே இல்லை. உரிமையாளரின் முகம் மலர்ந்தது. கை பணப்பைக்குச் சென்றது.

அப்போதுதான் நாம் வாய் திறந்தோம். காலடியில் தட்டுவதைச் சொன்னோம். அம்மூதாட்டி கேட்டிராவிட்டால் சொல்லியிருப்போமா என்பது ஐயமே. மெக்கானிக் தலையசைத்தார். "பெரிய சத்தம் போனாத்தான் சின்னச் சத்தம் கேக்கும், ஃபாதர்" என்று கூறி, இடப்பக்க முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தினார். சக்கரத்தின் இருபக்கமும் பிடித்து ஆட்டினார்; அசைவில்லை. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார், 'டொக்' என்றது. உதவியாளனைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டினார். பேரிங்கின் குறையாயின் பிரேக் பிடித்தவுடன் அசைவு நின்றுவிடும் என்றார். நிற்கவில்லை. கம்பியால் நெம்பச் சொல்லி, விரல்நுனிகளை ஒரு மூட்டின்மேல் வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். பால் ஜாயிண்ட் என்று சொல்லும் குமிழ்மூட்டு அது. அதை மூடிய ரப்பர் உறை கிழிந்து, மழைநீரும் மண்ணும் புகுந்து, கிரீஸ் வறண்டு, துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அம்மூட்டு கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். ஸ்டீரிங் கையில் இருந்தும் பயனில்லை.

வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. வேளாங்கண்ணிச் சாலையில் அவ்வண்டியில் செல்லவிருந்தோர் எத்தனை பேர் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். அவரும் எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். கேட்பதற்கும் வசதி வேண்டாமா? கடனில் ஓடும் குடும்பத்துக்கு ஒவ்வோர் ஓசையும் ஒரு செலவு. செலவழிக்க இயலாதவன் காதைப் பொத்திக்கொண்டால் அவனைக் குற்றம் சாட்டுவது வசதியுள்ளோரின் அறநெறி அன்றோ? இக்கேள்வியில் உண்மை உண்டு. மறுபுறம், எல்லா முனகலுக்கும் நடுங்கி வாழ்வதும் நோயே. பழைய வண்டியில் தீங்கற்ற கிறீச்சொலிகள் பல இருக்கத்தான் செய்யும். ஆயினும், அறிவதும் சீர்செய்வதும் வெவ்வேறு செயல்கள். அன்று அறிவதற்கு ஆனது ஒரு ஜாக்கி, ஓர் இரும்புக் கம்பி, அரைமணி நேரம். சீர்செய்யப் பணமில்லை என்பவனுக்கு வேறு வழிகள் உண்டு: வண்டியை நிறுத்தி வைக்கலாம், பேருந்தில் போகலாம், கடன் கேட்கலாம். அறியாதவனுக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அவன் தேர்ந்துகொள்வதற்கு எதுவும் இருப்பதாகவே அவனுக்குத் தெரியாது. அதைவிடக் கொடிது, அவ்வண்டியில் அமரும் பாட்டிக்கும் குழந்தைக்கும் அவனே அவ்வுரிமையை மறுத்துவிடுகிறான். தன் செவியைப் பொத்திக்கொள்ள ஒருவனுக்கு ஓரளவு உரிமை இருக்கலாம். வண்டியில் இருப்போர் அனைவருடைய செவியையும் பொத்த உரிமை ஏது?

இடப்பக்க மூட்டை மாற்றிக்கொண்டு அவர்கள் திருவிழாவுக்குச் சென்று நலமே திரும்பினர். ஆனால் வலப்பக்க மூட்டும் தேயத் தொடங்கியிருந்தது. ஸ்டீரிங் ரேக்கின் உள்ளேயும் கசிவு இருந்தது. அது பெருஞ்செலவு. தனியார் வாகனப் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன் பின்னர்த் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். ஆகவே விற்றுவிடுவதே மேல் என்று முடிவு செய்தார். தரகர் ஒருவர், கெட்டியான எண்ணெய் ஊற்றினால் இரண்டு மாதத்துக்குக் கசிவும் ஓசையும் தெரியாது என்று வழி சொன்னார். பக்கத்து ஊரிலிருந்து வாங்க வந்தவர் இரு சிறு குழந்தைகளின் தந்தை.

ஒரு மாலை அவர் நம்மிடம் வந்து, "அவர் கேட்டால் சொல்லிவிடுவேன் சாமி. கேட்கவில்லையென்றால்?" என்றார்.

சட்டம் அவர் பக்கம் இருப்பதுபோல் தோன்றலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது என்கிறது. அதன் 17ஆம் பிரிவில் எடுத்துக்காட்டாக ஒரு குதிரை வருகிறது. நலமற்றது என்று தெரிந்தே ஒருவன் அதை ஏலத்தில் விற்கிறான், குறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அது மோசடி அன்று. ஆனால் அடுத்த எடுத்துக்காட்டில், வாங்குபவள் விற்பவனின் மகள், அண்மையில்தான் உரிய வயதை எட்டியவள். அப்போது அவளிடம் சொல்ல வேண்டியது அவன் கடமை. அக்குவினாரின் நூலிலும் ஒரு குதிரை உண்டு. ஒற்றைக் கண் குதிரையை விற்பவன், விலையைத் தக்கபடி குறைத்தால், குறையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அது எவர் கண்ணுக்கும் தெரியும். மறைந்திருப்பதும் வாங்குபவனுக்கு ஆபத்தோ இழப்போ விளைவிப்பதுமான குறையையோ, கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவன் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டையும் அவரிடம் கூறினோம். தீர்ப்புச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. பல மாதங்கள் அந்த இருக்கையில் வாளாவிருந்தவர்கள் நாம். அதையும் கூறினோம். தட்டலை முதலிலிருந்தே அறிந்திருந்தோம் என்று நாம் சொன்னபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கும் தெரியும் சாமி" என்றார். சட்டத்தின் இரண்டாவது எடுத்துக்காட்டை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் புறப்பட்டார்.

விற்பனை நாளன்று நம்மையும் அழைத்திருந்தார். மூட்டு, ரேக், கசிவு, மாற்றியவை, மாற்றாதவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். வாங்க வந்தவர் அதை இருமுறை படித்தார். விலையில் ஒரு கணிசமான தொகையைக் குறைக்கச் சொன்னார். தரகர் முகம் சுளித்தார். உரிமையாளர் குறைத்துக்கொண்டார். அவருக்கு அது வருத்தமே, முகத்தில் தெரிந்தது.

பணம் கைமாறும் வேளையில் வாங்கியவர் தயங்கி, "ஒண்ணு கேக்கலாமா? நேத்து ஓட்டிப் பார்த்தப்போ, ரிவர்ஸ் எடுக்கையில ஸ்டீரிங் அடியில ஒரு கிறீச் கேட்டுச்சே, அது இதுல எழுதலையே?" என்றார்.

உரிமையாளர் நம்மைப் பார்த்தார். நாம் அப்படியொன்றைக் கேட்டதேயில்லை. அவரும் கேட்டதில்லையாம். மூதாட்டியை அழைத்துக் கேட்டோம். அவரும் தலையசைத்து மறுத்தார். "வாங்க, பாத்திரலாம்" என்று உரிமையாளர் மறுபடியும் ஓட்டுநர் இருக்கையில் ஏறி, வானொலியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார். வாங்கியவர் ஒரு சக்கரத்தருகே குனிந்தார்; நாம் மற்றொன்றின் அருகே குனிந்தோம். வண்டி மெல்லப் பின்னோக்கி நகரத் தொடங்கியது.